நாகலெட்சுமியின் முறைப்பாடு

“என்னைத் தொடாதே. தொட்டால் உன் சிறகு கருகிவிடும்” என்று சொல்லும்போதே லோஜினிக்குக் கண் நிறைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினாள்.

ஹட்டன் நூலகத்தில் எடுத்த மொழிபெயர்ப்பு நாவல். அவன் சிறகு முளைத்த இளவரசன். அவள் தொட்டதெல்லாம் எரிந்துபோகும் குலத்தில் பிறந்தவள். ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு கவிதையோடு தொடங்கும். வாய்விட்டுப் படிக்காவிட்டால் லோஜினிக்குக் கவிதை உள்ளே இறங்காது. கவிதைக்குத் திறந்த வாயைக் கதைக்கு மூட மனம் வராமல் அத்தியாயம் முழுவதையும் அப்படியே படிப்பாள், இளவரசனுக்கு மட்டும் கட்டைக் குரலில்.

அத்தியாயம் முடிந்ததும் போனை எடுத்தாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தவளுக்கு வாசகர் வாட்ஸ்அப் குழு ஒன்றுதான் உலகம். படித்ததைப் பற்றி அதில் தினமும் குரல்பதிவு போடுவாள்.

“இந்த அத்தியாயத்துலயும் அவ மொகத்துக்கு நிலாதான். நிலாவுக்கே சலிச்சிருக்கும். அவளயே சுத்திவர்ற காவக்காரன்தான் நல்லவன்னு எனக்கு நல்லாத் தெரியுது. ஆனா மனசு எளவரசன் பக்கமே போகுது. அதுக்கு வெக்கமே...”

தொம். தொம். தொம்.

பக்கத்துக் காம்பராவிலிருந்து நாகலெட்சுமி சுவரை இடித்தாள். தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பராக்களின் நடுச்சுவர் கூரை வரை போவதில்லை. இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கம் கேட்கும். பொதுப் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது யார் வாளி முந்தியது என்ற சண்டையில், போன தீபாவளியிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. திட்டுவதற்குக்கூட நாகலெட்சுமி வாய் திறப்பதில்லை. அவள் சார்பில் விறகுக் கட்டைதான் பேசும்.

லோஜினி கதையை நிறுத்திக் கருத்துச் சொன்ன பதிவுகள் எல்லாவற்றிலும் அந்த இடி விழுந்திருந்தது. பின்னணி இசை பிரமாதம் என்று மட்டக்களப்பு வாசகி ஒருத்தி பாராட்டியிருந்தாள்.

அம்மா பாராட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை, இளவரசனின் சிறகில் அம்பு தைத்த இடத்தில் நிறுத்திவிட்டு லோஜினி போனில் தன் துக்கத்தைச் சொல்லத் தொடங்கினாள். அப்போது விழுந்த இடியில் சாமிப் படம் சாய்ந்துவிட்டது.

“சும்மா கெடக்குற சண்டைய எதுக்குடி சொரண்டுற? அவ தலைவருக்கிட்ட போனா கையக் கட்டிக்கிட்டு நிக்கப்போறது நானு” என்ற அம்மா, புத்தகத்தைப் பழைய சேலைத் துண்டில் கட்டி அலுமாரி மேல் ஏற்றிவிட்டாள். முறைப்பாடு என்று ஒன்று வந்தால் நூலக அட்டையும் அடுப்புக்குள் போகும் என்றாள்.

இளவரசன் அப்போது மலையுச்சியிலிருந்து விழுந்துகொண்டிருந்தான். அன்றிலிருந்து லோஜினியும் விழுந்துகொண்டேயிருந்தாள். சோற்றைப் பிசைந்தபடி, துணியை அலசியபடி, தரை எப்போது வரும் என்று தெரியாமல்.

வீடு அமைதியானது. சுவரும் அமைதியானது.

ஆனாலும் புதன்கிழமை சாயங்காலம் தோட்டத் தலைவர் செல்லசாமி வந்து நின்றார். நாகலெட்சுமி முறைப்பாடு கொடுத்துவிட்டாளாம்.

தலைவருக்கு வாசல் இஸ்தோப்பில் நாற்காலி போட்டார்கள். ஒரு பக்கம் அம்மாவும் லோஜினியும், மறுபக்கம் நாகலெட்சுமி. இரண்டு வீட்டிலிருந்தும் தேத்தண்ணி வந்தது. வம்பு எதற்கு என்று தலைவர் இரண்டையும் குடித்தார்.

“சொல்லும்மா” என்றார்.

“இந்தப் புள்ளயால எனக்குத் தூக்கம் போச்சுங்க, தலைவரே. மலைக்குப் போனா கொழுந்து எடுக்கக் கை ஓட மாட்டேங்குது. நேத்து கங்காணிகிட்ட ஏச்சு வாங்குனேன். இந்த வயசுல எனக்கு இது தேவையா?”

அம்மா முந்திக்கொண்டாள். பக்கத்தில் நிற்பவளுக்குப் போய்ச் சேரட்டும் என்று தலைவரிடம் உரக்கவே சொன்னாள்.

“ஞாயித்துக்கெழமையோட அந்தச் சத்தத்த நிப்பாட்டியாச்சுங்க. புள்ள வாயவே தொறக்கல. நாளைக்கு மொத பஸ்ஸுல பொஸ்தகத்த ஹட்டனுக்குக் கொண்டுபோய்க் குடுத்திர்றேன். இனி அது இந்த லயத்துப் பக்கமே வராது.”

லோஜினி தலையைக் குனிந்துகொண்டாள். நூலகத்தில் அந்த நாவலுக்கு வேறு பிரதி கிடையாது. அது கைக்கு வருவதற்கே மழைக்காலம் முழுவதும் காத்திருந்தாள். இப்போது திரும்பிப் போனால் இளவரசன் அவளைப் பொறுத்தவரை ஆகாயத்திலேயே தொங்க வேண்டியதுதான்.

ஒரு தரம் முடிச்சை அவிழ்த்துக் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்க்க விடுவார்களா என்று கேட்க நினைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருக்கு இதைவிடச் சுலபமான வழக்கு இதுவரை வந்ததில்லை.

“அதான் குடுத்திர்றோம்ங்கிறாங்களேம்மா. பொறகு என்னா?”

நாகலெட்சுமி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. லோஜினியையும் பார்க்கவில்லை.

“குடுக்குறதுக்கு முந்தி, அந்தச் செறகு வச்ச பய பொழச்சானா இல்லையான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, தலைவரே.”