பாஸ்வேர்டை மறக்கும் மாணவி

"மறுபடியும் பாஸ்வேர்டை மறந்துட்டீங்களா மேடம்?"

"ஆமா சார். மண்டையில நிக்க மாட்டேங்குது."

போன திங்கட்கிழமை நடந்த இந்தப் பேச்சு, பல்கலைக்கழகத்தின் கணினி உதவி மையத்தில் இன்றும் ஒரு வார்த்தை மாறாமல் நடந்தது.

"இனி அலைய வேண்டாம். அடுத்த மாசம் புதுத் திட்டம் வருது. போன்ல முகத்தைக் காட்டினா நீங்களே மாத்திக்கலாம்."

ஆராய்ச்சி மாணவியின் முகம் வாடியது.

"அப்ப இங்க வரவே வேண்டாமா?"

"வேண்டாம்."

அந்தத் திட்டத்தை எழுதிக்கொடுத்த புத்திசாலி, மையத்து ஊழியனான அவனேதான்.

விதிப்படி ரகசியக் கேள்வியைக் கேட்டான். "வீட்டுக்காரருக்கு நீங்க வச்ச செல்லப்பேரு?"

"முசுடு. இன்னும் மாத்தல."

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். மாதக்கணக்கில் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னான்.

"கோவிச்சுக்கிட்டு உங்கம்மா வீட்ல இருந்தது போதும். நம்ம வீட்டுக்கு வந்துடேன்."