வா-போ வரிசை

“யாரைடா காவு கொடுக்கப் போற?”

அக்கா தட்டிய தட்டில் கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் ஆடியது. உள்ளே அவள் தம்பி, கையுறைக் கம்பெனி நடத்தும் கையுறைக்காரர், கண்ணாடியைப் பார்த்து இன்னொரு முறை “காவு” என்று உறுமிவிட்டுத்தான் வெளியே வந்தார்.

“ஜப்பான் பாஷைக்கா. அதுல காவுன்னா வாங்குறது. நாமளும் காவு வாங்குறதுன்னுதானே சொல்றோம், அதான் சட்டுன்னு மனசுல ஒட்டிக்கிச்சு.”

“அதுக்குத்தான் மொழிபெயர்க்க ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்து உட்கார வெச்சிருக்கியே?”

“அது நம்மகிட்ட சொல்றதை மட்டும்தான் சொல்லும். ஆர்டர் கொடுக்க வந்திருக்கிற ஜப்பான்காரங்க அவங்களுக்குள்ள பேசிக்கிறதைச் சொன்னா தொழில் தர்மம் இல்லையாம். நம்மகிட்ட பேசுறதெல்லாம் மேல்பூச்சுக்கா. தங்களுக்குள்ள முணுமுணுக்கிறாங்க பாரு, அதுலதான் சரக்கு இருக்கு.”

அந்த முணுமுணுப்புக்காக நான்கு மாதம் புத்தகமும் கையுமாக அலைந்திருந்தார். ஜப்பானிய வினைச்சொல்லுக்கு இரண்டு சட்டை என்பது அவர் கண்டுபிடிப்பு. வெளியாரிடம் பேச இஸ்திரி போட்ட சட்டை: கைமஸ் என்றால் வாங்குகிறோம், கைமசென் என்றால் வாங்க மாட்டோம். நம்மவர்களிடம் பேச வீட்டுச் சட்டை: அதே இரண்டும் காவு, கவனாய் என்று சுருங்கிவிடும்.

முதலாவதற்கு வாங்க-போங்க வரிசை, இரண்டாவதற்கு வா-போ வரிசை என்று பெயர் சூட்டி, ‘உண்டு’ம் ‘இல்லை’யும் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார். அதற்கு அடுத்த பாடம் ‘கூட இருப்பவரை அழைத்தல்’. நம்மை எவன் விருந்துக்கு அழைக்கப் போகிறான் என்று அதைப் புரட்டாமலே விட்டுவிட்டார்.

“என்னமோ பண்ணித் தொலை,” என்றாள் அக்கா. “இந்த ஆர்டர் வரலேன்னா ஒண்ணாந்தேதி தையல் கூடத்தைப் பூட்டணும். இருபத்தெட்டுப் பொண்ணுங்க மூஞ்சியில நான்தான் முழிக்கணும், நீ இல்ல.”

அந்தப் பெண்களை வேலைக்கு அழைத்து வந்தவள் அவள்தான். கையுறைக்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு அலுவலக அறைக்குள் போனார்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஜப்பானிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர்: ஒருவர் மூத்தவர், இன்னொருவர் நெட்டையர். மூத்தவர் வெல்டிங் கையுறை ஒன்றை மாட்டி, விரல்களை மடக்கி நீட்டி, கட்டைவிரல் சந்துத் தையலை நகத்தால் நெம்பிப் பார்த்தார். நூல் அசையவில்லை.

மூத்தவர் கையுறையைக் கழற்றாமலே நெட்டையர் பக்கம் சாய்ந்து ஏதோ முணுமுணுத்தார். கையுறைக்காரரின் காதில் ஒரே ஒரு சொல் மட்டும் தெளிவாக விழுந்தது. கவனாய்.

வா-போ வரிசை. இல்லை வகை. கடைசி எழுத்தை மூத்தவர் லேசாக மேலே தூக்கிவிட்டார்; கையுறைக்காரரின் நெஞ்சோ கீழே இறங்கியது.

நெட்டையர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். “ஏம்மா, விலையில கால்வாசி குறைச்சுத் தர்றேன்னு சொல்லு.”

மொழிபெயர்க்கும் பெண் விழித்தாள். “சார், அவங்க விலையைப் பத்தி இன்னும் எதுவுமே கேட்கலையே!”

“கேட்டப்புறம் குறைக்கிறதுக்குப் பேரு தோல்வி. சொல்லும்மா!”

அவள் சொன்னாள். மூத்தவர் கையுறையை மெல்லக் கழற்றினார். உள்பக்கத்தை வெளியே புரட்டினார், மோந்து பார்த்தார்.

“இந்தச் சாம்பிளுக்குப் போட்ட தோலைத்தான் ஆர்டருக்கும் போடுவீங்களான்னு கேட்கிறார் சார்.”

“இதே தோல்தான், சத்தியமா இதே தோல்!” என்றவர், மூத்தவரின் முகம் இளகாததைப் பார்த்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “சரி, பாதி விலை. பாதி விலைக்குத் தர்றேன்னு சொல்லிடு.”

பாதி விலை அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கையுறை மேசைக்குத் திரும்பியது, பேனா சட்டைப்பைக்குத் திரும்பியது. எழுந்து நின்று, யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். ஒரு சுருக்கம்கூட இல்லாத வாங்க-போங்க வரிசை. ஒவ்வொரு சொல்லும் கையுறைக்காரருக்குப் புரிந்தது.

கார் கிளம்பும் சத்தம் கேட்டு அக்கா வாசலில் வந்து நின்றாள். கையில் அளவு நாடா. “என்னடா, என்ன ஆச்சு?”

“நான் என்னக்கா பண்றது? பாதிக்குக் கூட இறங்கிப் பார்த்தேன். அந்தப் பெரியவர் முதல்லயே முடிவு பண்ணிட்டார். வாங்க மாட்டேன்னு அவர் வாயால சொன்னதை என் காதால கேட்டேன்.”

மொழிபெயர்க்கும் பெண் கைப்பையைத் தோளில் மாட்டப் போனவள் நின்றாள். “எப்போ சார் சொன்னார்?”

“கையுறையை மாட்டிக்கிட்டு ‘கவனாய்’னு சொன்னாரேம்மா! இங்கே யாருக்கும் புரியாதுன்னு நினைச்சுட்டார்.”

அவள் அவரைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். தொழில் தர்மத்தை ஒரு நிமிடம் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

“அவர் முடிவைச் சொல்லல சார். அந்தச் சொல்லை மேலே இழுத்தா அது கேள்வி. சிநேகிதனைக் கூட்டுச் சேர்த்துக்கிற கேள்வி.”

“என்னம்மா கேள்வி?” என்றாள் அக்கா.

“ ‘வாங்கிடலாமா’ன்னு.”