திங்கட்கிழமை லாரிகள்

“கொஞ்சம் தலையை நிமிர்த்துங்க. அப்படித் தரையில என்னத்தைத் தேடறீங்க?”

மேலாளர் சிரித்தார். எதிரே உட்கார்ந்திருந்த கிடங்குப் பொறுப்பாளர் நிமிரவில்லை.

அது மருந்துக் கிடங்கு. திங்கட்கிழமை வந்தால் வாசலில் முப்பது லாரிகள் முட்டிக்கொண்டு நிற்கும். பொறுப்பாளர் ஓடுவார், கத்துவார், ஆள் போதாவிட்டால் தானே பெட்டி தூக்குவார். ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ஃபயர் இன்ஜின்’. மூன்று மாதத்துக்கு முன் மேலாளர் எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டார்: “தீயை அணைச்சதெல்லாம் போதும். அது ஏன் வாராவாரம் பத்திக்குதுன்னு என்னைக்காவது உக்காந்து யோசிச்சீங்களா? மூணு மாசத்துல ஒரு திட்டத்தோட வாங்க. இல்லேன்னா பழையபடி நைட் ஷிப்ட்தான்.”

அந்தத் திட்டம் இப்போது மேசைமேல் இருந்தது.

“ஆள் சேருங்க, வாசலைப் பெரிசாக்குங்கன்னு நாங்க வருஷக்கணக்கா பேசிக்கிட்டிருந்தோம். நீங்க ஒருத்தர்தான் லாரியை விட்டுட்டு ஆஸ்பத்திரியைப் பாத்திருக்கீங்க! எல்லா ஆஸ்பத்திரியும் ஞாயித்துக்கிழமை இருப்பு எண்ணுது, அதனால திங்கக்கிழமை மருந்து கேக்குது. எண்ணற நாளைப் பிரிச்சு வச்சுட்டா வரிசையே இல்ல. எப்படிங்க தோணிச்சு?”

“ஏதோ... தோணிச்சு சார்.”

“இந்த அடக்கம்தான் எனக்குப் பிடிச்சது. அடுத்த மாசத்துலேருந்து திட்டப் பிரிவுக்கு நீங்கதான் தலைவர்.”

பொறுப்பாளரின் காதுமடல்கள் சிவந்தன. நன்றி என்று அவர் சொன்னது அவருக்கே கேட்கவில்லை.

“இன்னொண்ணு. அந்தப் பிரிவுக்கு ஆள் கேட்டு விளம்பரம் குடுத்தோமில்ல? வந்த விண்ணப்பத்துல ஒண்ணுல உங்க திட்டம் ஒரு விஷயம் விடாம அப்படியே இருக்கு. நம்ம திங்கக்கிழமை கூத்து வெளியாளுக்கு எப்படித் தெரியும்? உள்ளேருந்து யாரோ திருடிக் குடுத்திருக்கான்.”

காகிதத்தை நீட்டினார். பொறுப்பாளர் வாங்கி, அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இந்தம்மாவை உங்களுக்குத் தெரியுமா?”

அவர் காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

“தெரியாது சார்.”

“அப்ப உங்க முதல் வேலையை இதுலயே ஆரம்பிங்க.” மேலாளர் சிவப்புப் பேனாவை அவர் பக்கம் உருட்டிவிட்டார்.

‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார் பொறுப்பாளர்.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தவருக்குப் பதவி உயர்வைச் சொல்ல நா எழவில்லை. செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவியே முந்திக்கொண்டாள்.

“என்னங்க, கோபப்படக் கூடாது. உங்க லாரித் தொல்லைக்கு ஒருநாள் நான் ஒரு வழி சொன்னேனே, ‘சமையக்கட்டுல உக்காந்துக்கிட்டு கம்பெனி நடத்தறியா’ன்னு சிரிச்சீங்களே, அதையே எழுதி உங்க ஆபீஸுக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன். முன்னாடியே சொன்னா எனக்காக அங்க போய் சிபாரிசு பண்ணிடுவீங்களேன்னுதான் உங்ககிட்ட சொல்லல.”