நாளைக்கு வர்றேன்

"இன்னிக்கும் ஸ்டார்ட் ஆகலையா? கத்துக்குட்டி! உனக்கெல்லாம் மெக்கானிக்னு யாருடா பேர் வச்சது?"

ஷெட் வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அண்ணன் சத்தம் போட்டார். போனட்டுக்குள் தலையை விட்டிருந்த தம்பி நிமிரவே இல்லை. காபி கொண்டுவந்த அண்ணிக்குத்தான் முகம் சுருங்கிப் போனது.

அது அண்ணன் கல்யாணத்துக்கு முன்பே ஆசை ஆசையாய் வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அதன் பழைய டிஸ்ட்ரிப்யூட்டரைக் கழற்றிவிட்டு, எப்போது ஸ்பார்க் விழ வேண்டும் என்று தானே கணக்குப் போடும் புதுப் பெட்டியைத் தம்பி பொருத்தியிருந்தான். அந்த இன்ஜின் உறுமுவதை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அண்ணனின் கடைசி ஆசை. டாக்டர் கொடுத்த கெடு ஒரு மாதம். அதில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது.

சுண்டைக்காய் பெறாத ஒரு சுவருக்காக அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அண்ணிதான் வெட்கத்தை விட்டு ஃபோன் செய்தாள். மறுநாளே டூல்ஸ் பெட்டியோடு வந்து நின்றவன், நாலே நாளில் எல்லாவற்றையும் மாட்டி முடித்தான். வண்டி மட்டும் மசியவில்லை.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் வருகிறான். இதோ, ஒரே சென்சாரை ஏழாவது தடவையாகக் கழற்றி, அவசரமே இல்லாமல் துடைத்துக்கொண்டிருக்கிறான். அண்ணிக்கு வயிறு எரிந்தது.

அண்ணனுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மதியமானால் போதும், கைத்தாங்கலாக டிரைவர் சீட்டில் ஏற்றிவிடச் சொல்லி அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் மூக்குக் கண்ணாடிக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் ஆஜராகிவிடுவார், தம்பியை வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்ய.

கிளம்பும்போது கொழுந்தனை அண்ணி கேட்டருகே மடக்கினாள்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. உங்களால முடியலைன்னா வேற ஆளைப் பார்க்கட்டுமா? அவருக்கு நாள் இல்லை."

"வேற யாரும் வேணாம் அண்ணி. நானே பார்க்கறேன்." அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். பிறகு அங்கிருந்தே குரல் கொடுத்தான். "நாளைக்கு வர்றேண்ணே!"

"வந்து கிழிச்சே! வாடா வா!" அண்ணன் இருமலுக்கு நடுவே சிரித்தார். அன்றைக்கு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, அண்ணி அவருடைய கண்ணாடியை எடுத்து வைக்கக் கூட்டைத் திறந்தாள். உள்ளே, இரண்டு கால்களோடு குட்டியாக ஒரு பிளாஸ்டிக் சில்லு கிடந்தது. ஷெட்டில் காரின் மேல் சாய்ந்து நின்ற கொழுந்தனிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"இது என்ன தம்பி? அவர் கண்ணாடிக் கூட்டுல இருந்துச்சு."

"அந்தப் புதுப் பெட்டிக்குக் கரண்ட் போற ஃபியூஸ் அண்ணி. ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கும். இது இல்லாம வண்டி ஸ்டார்ட் ஆகாது."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டி ஓடிவிட்டால் தம்பி வரமாட்டான். அதற்காகத் தன் கடைசி ஆசையையே கழற்றி மறைத்து வைத்திருக்கிறார் மனுஷன். அன்று முழுக்க அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்து அவள் வாய்விட்டு அழுதாள்.

"இத்தனை நாளா உங்களை ஏமாத்திட்டாரே தம்பி!"

அவன் அந்த ஃபியூஸை உள்ளங்கையில் வைத்து இறுக மூடிக்கொண்டான்.

"ஸ்டார்ட் ஆகாத முதல் நாளே நான் பார்த்துட்டேன் அண்ணி."