மூன்றாவது பெஞ்சு

பிள்ளை செத்து ஒரு வாரங்கூட ஆகவில்லை, அதற்குள் இவளுகளுக்கு விளையாட்டு கேட்குதாக்கும் என்று கனகலட்சுமி டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோரிப்பாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளி. பிளஸ் ஒன், மூன்றாவது பெஞ்சு. ஐந்து பேர் உட்கார்ந்த இடத்தில் இப்போது நாலு பேர்தான். ஜஸீலா டெங்குவில் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஜன்னலோரம் அவள் இடம் காலி.

மிச்சமிருந்த நாலு பேரும் தினம் ஒரு வரிசையில் உட்கார்ந்தார்கள். நேற்று முதலில் இருந்தவள் இன்று மூன்றாவது. எம்புட்டுத் திட்டினாலும் தலையைக் குனிந்துகொள்வார்கள். மறுநாள் வரிசை மாறியிருக்கும்.

கணக்கு டீச்சராச்சே, சும்மா இருப்பாளா? குறித்துக்கொண்டே வந்தாள். நாலு பேர் மாறி மாறி உட்கார இருபத்துநாலு வழிதான் உண்டு. அதோடு ஆட்டம் ஓயும். ஓயாவிட்டால் ஹெச்.எம்.மிடம் சொல்லி நாலு பேரையும் நாலு மூலைக்குப் பிரித்துவிட வேண்டியதுதான்.

இருபத்தைந்தாம் நாள் வகுப்புக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

காலியிடம் நகர்ந்திருந்தது.

ஜன்னலோரம் பவதாரிணி இருந்தாள். அவளுக்கு அடுத்து ஓர் ஆள் அளவுக்கு இடைவெளி. அந்த இடத்தில் டெஸ்க்மேல் ஒரு நோட்டு விரித்துக் கிடந்தது. இந்தப் பக்கம் தமிழ்ச்செல்வி முழங்கையை ஒடுக்கிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள், யாரையோ இடித்துவிடக்கூடாது என்பதுபோல.

"அங்க யாருடி இருக்கா?" என்றாள் டீச்சர்.

பவதாரிணி எழுந்து அந்த நோட்டை நீட்டினாள். மேலே ஜஸீலாவின் கையெழுத்தில் 'வரிசை மாற்றம் - 120' என்று மட்டும் இருந்தது. கீழே இவர்கள் எழுத்தில் இருபத்தைந்து வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஐந்து பெயர். ஜஸீலா பெயரும் இருந்தது, இருபத்துநாலு வரியில் முதலாவதாக, கடைசி வரியில் மட்டும் இரண்டாவதாக.

"அவளுக்கு வரிசை மாற்றத்துக்கும் சேர்வுக்கும் வித்தியாசமே புரியல டீச்சர். எப்படி மாறி உக்காந்தாலும் அதே அஞ்சு பேருதானே, ஒரு வழிதானேன்னு கேட்டா. நீங்க வெளிய போகச் சொல்லிட்டீங்க."

டீச்சருக்கு அது ஞாபகமே இல்லை. தினம் யாரையாவது வெளியே அனுப்புகிறவள்தானே.

"அஞ்சு பேரு மாறி உக்கார நூத்தி இருபது வழி, அத்தனையும் எழுதி முடிச்சிட்டு உள்ள வந்தாப் போதும்னு சொன்னீங்க. அன்னைக்கிச் சாயந்தரமே காய்ச்சல்ல படுத்துட்டா. அவ இன்னும் வெளியதான் நிக்கிறா டீச்சர். இன்னும் தொண்ணூத்தஞ்சு இருக்கு."

கனகலட்சுமி வாசலைப் பார்த்தாள். வராந்தாவில் வெயிலைத் தவிர ஒன்றுமில்லை. அங்கே போய் நின்றாள்.

"எழுதுன வரைக்கும் போதும், ஜஸீலா. உள்ள வாம்மா."

மூன்றாவது பெஞ்சில் நாலு பேரும் எழுந்து, ஜன்னலோரத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.