சுண்டுவிரலில் ஆரம்பித்து

கலைமதி கண்ணாடித் தொட்டியில் ஆசையாய் வளர்த்த, பூ மாதிரி விரியும் கடல் சாமந்தி என்ற கடல் பிராணி, அவள் செத்த பிறகுதான் குட்டி போட ஆரம்பித்தது. உப்பளத்துக்குக் கடல்தண்ணீர் வரும் வாய்க்காலில் வெள்ளம் அவளை அடித்துக்கொண்டு போனது. மூன்றாம் நாள் எடுத்தபோது வலது மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை. மீன் தின்றிருக்கும் என்றார்கள்.

அவள் புருஷன் ஐயப்பன் அதே வாய்க்கால் தண்ணீரைத்தான் வாராவாரம் தொட்டிக்கு மாற்றினான். இரண்டு மாதத்தில் ஒன்று ஐந்தானது. அதை விற்ற கடைக்காரருக்குப் போன் செய்து, ஜோடி இல்லாமல் எப்படி என்று கேட்டான்.

"அதுக்கு ஜோடி வேணாங்க. அடியில ஒரு துண்டு பிஞ்சாப் போதும், தனியா வளந்துக்கும்."

"ஒண்ணுல கட்டி மாதிரி இருக்குதுங்க."

"சிலதுல அப்படி வரும். கை வெக்காதீங்க."

கட்டி நீண்டது. நுனியில் நகம் வந்தது. நகத்தின் மேல்பாதியில் மட்டும் மருதாணிச் சிவப்பு. சாவதற்கு முந்தின வாரம்தான் கலைமதி தங்கச்சி கல்யாணத்துக்கு மருதாணி வைத்திருந்தாள். இரண்டு மாதத்தில் நகம் அவ்வளவுதான் வளரும்.

அது கண்ணாடியைக் கீறத் தொடங்கியது. வலது கை நகத்தை இடது கையால் வெட்ட அவளுக்கு வராது. ஞாயிறுதோறும் ஐயப்பன்தான் வெட்டிவிடுவான். சுண்டுவிரலில் ஆரம்பிக்கச் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்து, நகவெட்டியோடு தண்ணீருக்குள் கையை விட்டான். சுண்டுவிரல் அசையாமல் நகத்தைக் காட்டியது. வெட்டி முடித்ததும் உள்ளே போய்விட்டது.

பக்கத்துக் கடல் சாமந்தியிலிருந்து மோதிரவிரல் வெளியே வந்தது.