காற்று அடித்த காலை

பல வருஷமாக அட்டைப்பெட்டிக்குள் கிடந்த பொம்மை ராக்கெட் ஏவுமேடையை இன்பராஜ் என்பவர் ஒரு காலையில் மைதானத்துக்குக் கொண்டுவந்து அமைத்தார். மூன்று கால்களையும் திருகி, தகட்டைப் பொருத்தி, நடுவில் கம்பியை நிறுத்தினார். தள்ளி ஒரு மரத்தடியில் பொத்தான் பெட்டியை வைத்து, நீண்ட ஒயரால் இரண்டையும் இணைத்தார். கம்பியில் ஒரு புது காகித ராக்கெட்டை மாட்டினார்.

ஒரு காலின் திருகாணியில் மரை தேய்ந்துபோயிருந்தது. அது மேடைக்கு மட்டும்தான் தெரியும்.

"அண்ணே, எனக்கு இதுதான் முதல் தடவை. நேரா மேலே போயிருவேன்ல?" என்று ராக்கெட் கேட்டது.

உண்மையைச் சொன்னால் மறுபடியும் அட்டைப்பெட்டிக்குள் போட்டுவிடுவார்களே என்று மேடைக்குப் பயம்.

ஒயர் வழியாகப் பொத்தான் பெட்டி விசாரித்தது. "இங்கேருந்து எனக்கு ஒண்ணும் தெரியலை. நீ சரின்னு சொன்னாத்தான் என் பச்சை விளக்கை எரியவிடுவேன். எல்லாம் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு" என்றது மேடை.

விளக்கு எரிந்தது. இன்பராஜ் பொத்தானை அழுத்தினார். நெருப்பு சீறியதும் அந்தக் கால் நழுவியது. ராக்கெட் பக்கவாட்டில் பாய்ந்து, மதில் சுவரில் மோதி நசுங்கி விழுந்தது.

"ஐயோ, என்ன ஆச்சு?" என்று பெட்டி பதறியது.

"காத்து" என்றது மேடை. "திடீர்னு அடிச்சிருச்சு."

"பாவம் அந்தப் பிள்ளை. காத்துக்கு நீ என்ன பண்ணுவே? மனசை விட்டுராதே" என்று பெட்டி ஆறுதல் சொன்னது.

மேடை சாய்ந்து நின்றது. மைதானத்தில் ஒரு புல்கூட அசையவில்லை.